முப்பத்தைந்து அடி உடம்பு

இருபத்துமூன்றாவது வளைவில்தான் செங்கோடனுக்கு முதன்முதலாக பஸ் அரித்தது.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறுகிற பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இருபத்துமூன்றில் ஒரு மூங்கில் புதர் ரோட்டுப் பக்கம் சாய்ந்துகொண்டு, போகிற வருகிற வண்டியையெல்லாம் ஒரு தடவு தடவித்தான் அனுப்பும். அன்றும் பஸ்ஸின் பின்கூரையை இடது ஓரமாகச் சரசரவென்று தடவியது. செங்கோடன் ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே மறு கையைத் தோளுக்குப் பின்னால் விட்டு, இடது தோள்பட்டையைச் சுகமாகச் சொறிந்துகொண்டான்.

"என்னண்ணே, எறும்பா?" என்றான் கண்டக்டர் மாதேசு.

"இல்லடா, மூங்கிலு."

மாதேசு ஜன்னல் வழியாக மூங்கிலைப் பார்த்தான். டிரைவரைப் பார்த்தான். கிழித்த டிக்கெட்டைக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பதினோரு வருடமாக ஒரே பஸ்ஸில் ஓடுகிறவர்கள் இரண்டு பேரும். செங்கோடன் விளையாட்டுக்குச் சொல்கிறானா, நிஜமாகச் சொல்கிறானா என்று அவனுக்குத் தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை.

எல்லாம் அந்தப் பனியன் செய்த வேலை. பஸ்ஸின் வெளித்தகடு முழுக்க அரிசி மணி அளவில் ஆயிரக்கணக்கான உணரிகளை ஒட்டியிருந்தார்கள். டிரைவர் போட்டுக்கொள்கிற பனியனில் அறுநூறு குட்டிக் குமிழ்கள். பஸ்ஸின் வலது பின்மூலைக்குப் பக்கத்தில் பாறை வந்தால் பனியனில் வலது முதுகோரம் துடிக்கும். கிட்டே வர வரத் துடிப்பு கூடும். அவ்வளவுதான் விஷயம். பஸ் கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தது. மாதேசு அதை பஸ் பனியன் என்றான், மலை முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அன்று மத்தியானம் மலை மேல் சோளக்காடு ஊர் டீக்கடையில் இந்த அரிப்புக் கதையைக் கேட்டதும் டாக்டர் ரெஹானா சந்தோஷத்தில் துள்ளியதில் டீ சிந்தியது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மூளை ஆராய்ச்சிக்காரர் அவர். பனியன் அவருடைய யோசனைதான்.

"சொறிஞ்சீங்களா? நிஜமாவா? எந்த இடத்துல?"

"பஸ்ஸைச் சொறியற அளவுக்குக் கை நீளமில்லீங்களே மேடம். அதான் என் தோளைச் சொறிஞ்சுக்கிட்டேன்."

"அய்யோ, மூணே வாரத்துல" என்று ரெஹானா கிளாஸைக் கீழே வைத்தார். "இங்க பாருங்க சார். மூளை மண்டைக்குள்ள இருட்டுல உக்காந்திருக்கு. வெளிய என்ன இருக்குன்னு அதுக்கு நேராத் தெரியாது. கண்ணு ஒரு சேதி அனுப்பும், காது ஒண்ணு, தோலு ஒண்ணு. காதுக்கு உள்ளாற கொத்தனார் வெக்கிற ரசமட்டம் மாதிரி ஒண்ணு இருக்கு. வண்டி சாயுதா, திரும்புதான்னு அது ஒரு சேதி அனுப்பும். எல்லாம் ஒத்துப்போனா மூளை நம்பிரும். இதுதான் இடம், இதுல இதுவரைக்கும் நான்னு ஒரு படம் போட்டுக்கும்."

"ஒத்துப்போகலைன்னா?" என்றான் மாதேசு.

"பின்சீட்டுல உக்காந்து செல்போனைப் பாத்துக்கிட்டு வர்றவங்க வாந்தி எடுக்கறாங்கல்ல, அதுதான். கண்ணு அசையலைங்குது, ரசமட்டம் சுத்துதுங்குது."

"அட, அடிவாரத்துல எலுமிச்சம்பழம் விக்கிறவங்க பொழைக்கிறதே அதுலதானா?"

"அதேதான். இவருக்கு இன்னிக்கு என்னாச்சு? மூங்கிலைக் கண்ணாடியில பாத்தாரு, சத்தத்தைக் கேட்டாரு, பனியன் துடிச்சுது. மூணும் ஒரே நேரம், ஒரே இடம். சரி, இதுவும் நம்ம உடம்புதான் போலன்னு மூளை பஸ்ஸையும் சேத்துக்கிச்சு."

அடுத்து வந்த மாதங்கள் செங்கோடனுக்குத் திருவிழாதான். முப்பத்தைந்து அடி நீளத்துக்கு உடம்பு இருந்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? மழை பெய்தால் கூரையில் ஒவ்வொரு துளியும் தெரிந்தது. வெயில் காயும் பக்கம் எது, நிழல் விழும் பக்கம் எது என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னான். எதிரே பலாப்பழ லாரி வந்தால் மற்ற டிரைவர்கள் அரை பர்லாங் பின்னால் போய் ஒதுங்குவார்கள். இவன் இரண்டு விரற்கடை இடைவெளியில் வயிற்றை எக்கிக்கொண்டு போகிறவனைப் போல லாரியைத் தாண்டிப் போய்விடுவான். அன்னாசிக் கூடையோடு ஏறுகிற பெண்கள், செங்கோடன் பஸ்ஸா என்று கேட்டுவிட்டுத்தான் காலைத் தூக்கி வைத்தார்கள். ஒரு கீறல்கூட இல்லாமல் வருடம் ஓடியது.

"நான் எங்கடா ஓட்டறேன்? மலை மேல நடந்து போறேன்" என்பான் மாதேசுவிடம். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பூரிப்பு.

வீட்டில்தான் வினை ஆரம்பித்தது. முதலில் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. தன் வீட்டு வாசலுக்கு வந்தவன் உள்ளே நுழையாமல் நின்று, இந்தச் சந்துக்குள் எப்படி நுழைவது என்று யோசிப்பான். சமையலறைக்குத் திரும்ப, கூடத்துச் சுவர் வரைக்கும் போய் அகலமாக வட்டம் போட்டுத் திரும்புவான். "ஏனுங்க, ஹாரன் ஒண்ணுதான் பாக்கி" என்று அவன் மனைவி தெய்வானை வயிற்றுப்பிள்ளையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. யாராவது நாலடிக்குள் வந்தாலே சைக்கிள்காரன் குறுக்கே பாய்ந்ததுபோலத் துள்ளி விலகினான். கட்டில் தனியாயிற்று. மாதேசு மட்டும் டீ குடிக்கும்போது தோளில் தட்டுவான், அது என்னவோ உறுத்தவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையை நீட்ட, செங்கோடன் ஆசை ஆசையாகக் கையை நீட்டினான். துணிச்சுருள் மடிக்குப் பக்கத்தில் வந்ததுதான் தாமதம், வியர்த்து விறுவிறுத்துச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டான். பிளாஸ்க் உருண்டு உடைந்தது.

ரெஹானாவிடம் போய் அதைச் சொன்னான். "மடியில வெச்சாங்கன்னா, முன் சக்கரத்துக்கு அடியில கெடக்கிற மாதிரி இருக்குங்க மேடம். என் புள்ளதான்னு தெரியுது. ஆனா பிரேக்கை மிதின்னு உடம்பு பூரா கத்துது."

குழந்தைக்குப் பொன்னருவி என்று பெயர் முடிவாகியிருந்தது. ஆனால் அவர்கள் வழக்கப்படி அப்பா குழந்தையின் காதில் மூன்று தடவை சொன்னால்தான் அது பெயர். செங்கோடனால் காதுக்குப் பக்கத்தில் குனிய முடியவில்லை. மாமனோ சித்தப்பனோ சொல்லட்டும் என்றார்கள் உறவுக்காரர்கள். தெய்வானை ஒரே பிடியாக நின்றாள். "அவரு சொல்லட்டும். அதுவரைக்கும் பாப்பான்னே இருக்கட்டும்." பாப்பா பாப்பா என்றே ஆறு மாதம் ஓடிவிட்டது. குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, கைக்குக் கிடைப்பதையெல்லாம் பட்பட்டென்று அடிக்கக் கற்றுக்கொண்டது. அத்தனையையும் அப்பா வாசலில் நின்றுதான் பார்த்தான்.

ரெஹானாவுக்குத் தூக்கம் போயிற்று. டிரைவர் வாரா வாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. பிரேக் எத்தனை தடவை, துடிப்பு எந்தப் பக்கம் என்று எல்லாம் கேட்டிருந்தார். வீட்டைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

"உடம்பைச் சுத்தி ரெண்டு முழத்துக்கு எல்லாருக்குமே ஒரு எல்லை உண்டு சார்" என்றார். "யாரு வரலாம், எது வந்தா விலகணும்னு மூளை அதுக்குள்ள காவல் காக்கும். உங்க எல்லை பஸ் அளவுக்கு விரிஞ்சுபோச்சு. பனியனைக் கழட்டிட்டா மெல்லச் சுருங்கும். ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டும் ஆகலாம். பஸ்ஸையும் விட்டுறணும். தப்பு என்னோடது."

"ரெண்டு வருஷத்துல பாப்பா ஓடிருவாளே மேடம்."

பனியனே எல்லாம் சொல்லிவிடுகிறது, இனி மலைப் பஸ்களுக்குக் கண்டக்டர் எதற்கு, மெஷின் டிக்கெட் போதும் என்று கம்பெனி வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஆக ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கடைசி ட்ரிப் என்று முடிவாயிற்று. திங்கட்கிழமையிலிருந்து செங்கோடனுக்கு ஆபீஸில் நாற்காலி. பனியனை வாங்கிக்கொண்டு போக ரெஹானாவும் அதே பஸ்ஸில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார், மடியில் லேப்டாப்.

சாயங்காலம் நாலு மணி. மலை மேல் செம்மேட்டில் ஐம்பத்திரண்டு பேர் ஏறினார்கள். அறுபதாவது வளைவைத் தாண்டி இறங்கும்போதே பனி இறங்கிவிட்டது. ஐம்பதில் கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டினதுபோல் ஆயிற்று. பஸ்ஸுக்குள் பேச்சு நின்றது. செங்கோடன் மட்டும் சீழ்க்கை அடித்துக்கொண்டு ஓட்டினான். இடது பக்கம் பள்ளத்துக் காற்று விலாவில் குளிர்ந்தது. வலது பக்கம் பாறை தோளை உரசாமல் உரசிக்கொண்டு வந்தது. கடைசித் தடவை என்று தெரிந்ததால் ஒவ்வொரு வளைவையும் ருசித்து ருசித்து இறங்கினான்.

முப்பத்தொன்பதாவது வளைவு முடிந்து நாற்பதடி போயிருப்பான். சடாரென்று பிரேக் அடித்தான். யார் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை, அவனுக்கு மட்டும் மூக்குக்கு முன்னால் ஏதோ நின்றது. மெல்லப் பனி விலக, எருமை அளவுக்கு ஒரு பாறையும் அதன் மேல் ஒரு மரமும் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தன. மேலே இன்னும் மண் சரிகிற சத்தம். தொப்பென்று ஒரு வண்டிச் சேறு வந்து பஸ்ஸின் பின்பக்கத்தில் விழுந்து அப்பியது.

செங்கோடனுக்கு முதுகு செத்துப்போயிற்று.

"மேடம், பின்னாடி ஒண்ணுமே தெரியலீங்க."

ரெஹானா லேப்டாப்பைப் பார்த்தார். "பின்பக்கத்து உணரி மொத்தமும் சேத்துல போச்சு. கேமராவும் போச்சு."

முன்னால் போக வழியில்லை. மண் சரிவுக்குக் கீழே நிற்கவும் முடியாது. நாற்பதடி ரிவர்ஸில் ஏறி, வளைவில் இருக்கிற அகலமான இடத்துக்குப் போய்விட்டால் பிழைத்தார்கள். பயணிகளை இறக்கிவிடலாம் என்றால் இடது கதவைத் திறந்தால் பள்ளம். டிரைவர் கதவு வழியாக ஐம்பத்திரண்டு பேரை ஒவ்வொருவராக இறக்குவதற்குள் மலை காத்திருக்குமா? கண்ணாடியில் பனி, முதுகில் மரத்துப்போன இருட்டு.

"தள்ளுண்ணே" என்றான் மாதேசு. செங்கோடனின் மடியைத் தாண்டி, டிரைவர் கதவைத் திறந்து பாறைப் பக்கமாகக் குதித்தான். செங்கோடன் அசையக்கூட இல்லை. ரெஹானா அதைக் கவனித்தார்.

பின்னாலிருந்து தகரத்தில் இரண்டு தட்டு. பட், பட்.

மலைப் பஸ்ஸில் ரிவர்ஸ் எடுக்கிற பாஷை அது. இரண்டு தட்டினால் வா, ஒரு தட்டென்றால் நில். பதினோரு வருடமாக மாதேசு பஸ்ஸின் வலது பின்மூலையில் நின்று தட்டி வந்தவன். பனியன் வந்தபிறகு ஒரு வருடமாக அதற்கு வேலையில்லாமல் போயிருந்தது.

"வா… வா… வரலாம்… ரைட்ல ஒடி… வா…"

பட், பட். செங்கோடனுக்கு உடம்பு சிலிர்த்தது. தட்டு காதில் மட்டும் விழவில்லை. வலது தோள்பட்டைக்குக் கீழே, செத்துக் கிடந்த முதுகில், ஒரு உள்ளங்கை சூடாக விழுந்தது. விரல்கள்கூடத் தெரிந்தன. அந்தக் கை விழுந்த இடத்திலிருந்து முதுகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பள்ளத்துப் பக்கம் சத்தம் எதிரொலிக்காமல் போவது கேட்டது. சீட்டுக்கு அடியில் சாய்மானம் மாறுவது தெரிந்தது. எல்லாம் கூடி, இடது பின்சக்கரம் ஓரத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் இருக்கிறது என்று சொன்னது. ஒரு சாண் தாராளம்.

"வா… நேரா வா… வா…"

பத்தடி. இருபதடி. முன்னால், இவ்வளவு நேரம் பஸ் நின்ற இடத்தில், மலை ஒரு பக்கமாக வழிந்து இறங்கியது. முப்பதடி. ஒரு கிழவர் முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பட், பட். நாற்பது.

பட். ஒரே தட்டு. செங்கோடன் கைபிரேக்கை இழுத்தான். பிறகுதான் தன் கன்னத்தில் கண்ணீர் ஓடுவது தெரிந்தது.

ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்க, ரெஹானா மட்டும் செங்கோடனைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டார். "மாதேசு தட்டுனது உங்களுக்கு எங்க தெரிஞ்சுது? தொட்டுக் காட்டுங்க."

"இங்கீங்க. தோள்பட்டைக்குக் கீழ."

"அந்த எடத்துல பனியன் ஓடவே இல்லை சார். இங்க பாருங்க, பூஜ்யம், எல்லாம் பூஜ்யம்." லேப்டாப்பை அவன் மடியில் வைத்துவிட்டு ரெஹானா சேற்றில் ஓடினார். பஸ்ஸின் வலது பின்மூலையில் சேற்றுக்கு நடுவே ஐந்து விரலும் பதிந்த ஒரு கைத்தடம். அவன் தொட்டுக் காட்டிய அதே இடம். அவர் தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது சேலையெல்லாம் சேறு, முகமெல்லாம் வெளிச்சம். "நான் தப்பா நினைச்சுட்டேன். உங்க மூளை என் பனியனை நம்பி பஸ்ஸை உடம்பாக்கிக்கலை. பதினோரு வருஷமா மாதேசு கையை நம்பியே பாதி பஸ் உடம்பாயிருச்சு. அதனாலதான் மூணே வாரத்துல அரிச்சிருக்கு. நான் மீதியை நிரப்பினேன், அவ்வளவுதான். இவரு இப்ப உங்க மடியைத் தாண்டிக் குதிச்சாரே, நீங்க விலகினீங்களா?"

செங்கோடன் யோசித்தான். விலகவில்லை.

மாதேசு கைச்சேற்றைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு மூளையைப் பற்றியெல்லாம் அவ்வளவாகப் புரியவில்லை. "அப்படின்னா பாப்பாகிட்டயும் ரிவர்ஸ் எடுத்துருவோம்ணே" என்றான்.

ரெஹானா அவனையே பார்த்தார். "எடுக்கலாம். உங்க கை பட்டா இவரோட எல்லைக் காவல் விலகச் சொல்றதில்லை. நிச்சயமா எடுத்துப் பாக்கலாம்" என்றார்.

பாதை சரியாக இரண்டு நாள் ஆயிற்று. ஆபீஸ் நாற்காலியையும் மெஷின் டிக்கெட்டையும் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லி, அதுவரைக்கும் பனியன் இல்லாமல் இவர்களே ஓட்டட்டும் என்று ரெஹானா கம்பெனியில் கேட்டு வாங்கியிருந்தார். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு பஸ் காரவள்ளியில் செங்கோடன் வீட்டெதிரில் நின்றது. ரெஹானா வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் பாய் விரித்து, மடியில் குழந்தையோடு தெய்வானை. செங்கோடன் பனியன் போடவில்லை. வெறும் காக்கிச் சட்டையோடு வாசல்படியில் குழந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். முன்பக்கமாகப் போனால் கண் பார்க்கும், பார்த்தால் பிரேக்.

மாதேசு அவன் பின்னால் நின்று முதுகில் தட்டினான். பட், பட்.

"வா… வா… ரெண்டு பக்கமும் எடம் இருக்கு… வரலாம் வா…"

செங்கோடன் ஒரு எட்டு பின்னால் வைத்தான். நிலைப்படியைத் தாண்டியது தெரிந்தது. இன்னொரு எட்டு. வழக்கமாக இந்த இடத்தில் சுவர்கள் நெருக்கும். கை விழுந்த இடத்தில் முதுகு முதுகாகவே இருந்தது, முப்பத்தைந்து அடிக்கு நீளவில்லை. தெய்வானையின் வளையல் சத்தம் கேட்டது. பால் மணம் வந்தது. இதயம் என்ஜின் மாதிரி அடித்துக்கொண்டது.

"வா… இன்னும் வா… அவ்ளோதான், மெல்ல… இப்ப உக்காருண்ணே, அப்படியே கீழ."

செங்கோடன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பாயில் உட்கார்ந்தான். அதற்கப்புறம் தட்டு வரவில்லை, குரலும் வரவில்லை. ரிவர்ஸில் சத்தம் நின்றால் வண்டியும் நிற்க வேண்டும், அதுதான் சட்டம். ஒரு சாண் தூரத்தில் ஏதோ உயிர் அசைவது தெரிந்தது. உடம்பு மெல்ல விறைக்க ஆரம்பித்தது. போச்சு, இத்தனை தூரம் வந்து போச்சு என்று நினைத்தான்.

பட், பட். முதுகின் கீழே, இடுப்போரமாக, இரண்டு தட்டு.

விறைப்பு விட்டது. மூச்சு வந்தது. "கையைத் துடைச்சுட்டு வரமாட்டியாடா? ஈரமா பிசுபிசுங்குது" என்றான் செங்கோடன்.

"நான் இங்க இருக்கேண்ணே."

குரல் எதிரிலிருந்து வந்தது. செங்கோடன் கண்ணைத் திறந்து பார்த்தான். மாதேசு வாசற்படியில், ரெஹானாவுக்குப் பக்கத்தில், துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். கண் இரண்டும் கலங்கியிருந்தன. எப்போது அங்கே போனான் என்று தெரியவில்லை.

பின்னால் மறுபடி இரண்டு தட்டு, இந்தத் தடவை பொறுமையில்லாமல்.

இரண்டு தட்டினால் வா என்று அர்த்தம். செங்கோடன் திரும்பினான். எச்சில் ஒழுகுகிற வாயும் எச்சில் பிசுபிசுக்கிற கையுமாக அவள் பாயில் முட்டி போட்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் காத்திருந்தான். உடம்பு பிரேக் என்று கத்தும் என்று காத்திருந்தான். கத்தவில்லை. அள்ளி மடியில் வைத்துக்கொண்டான். ஐயோ, எவ்வளவு கனம், எவ்வளவு சூடு. ஆறு மாதக் கனத்தையும் ஒரே நேரத்தில் தூக்கினால் எப்படி இருக்கும்? தெய்வானை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள்.

அவன் குனிந்து, அந்தச் சின்னக் காதில் வாயை வைத்தான். பொன்னருவி. பொன்னருவி. பொன்னருவி.

வாசலில் ரெஹானா புதுப் படிவத்தின் முதல் வரியில் 'வீட்டில் யார் யார்?' என்று எழுதினார். யோசித்துவிட்டு, அதற்கடுத்த வரியில் 'உங்கள் கண்டக்டர் யார், எத்தனை வருடமாக?' என்று எழுதினார். கம்பெனிக்கு இதைப் புரியவைக்க எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருக்குமோ, அதைக் கோயம்புத்தூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"அண்ணே, ஏழரை ஆச்சு. ஜனம் காத்துட்டு நிக்குது" என்றான் மாதேசு.

செங்கோடன் எழுந்திருக்கப் பார்த்தான். பொன்னருவி அவன் மார்பில் ஓங்கி ஒரே ஒரு தட்டுத் தட்டினாள்.

அன்று ஏழரை மணி பஸ் முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது.